மதிலுக்கு மேலே ஒரு கமரா

பக்கத்து வீட்டு மேல்மாடி மூலையில் கமரா பூட்ட வந்தவர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். நான் எங்கள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை நிறத்தில், பாதித் தேங்காய் அளவில், நடுவில் ஒரு கறுத்தக் கண்ணோடு இருந்தது அந்தச் சாமான். பார்த்தவுடனேயே எனக்குப் பிடிக்கவில்லை.

“தம்பி, உது எங்கடை பக்கமும் பாக்குமே?” என்று கேட்டேன்.

“இல்லையம்மா. அவையின்ரை மதிலை மட்டுந்தான் பாக்கும்,” என்றார்.

அவர் பொய் சொன்னாரா, அல்லது அவருக்கே தெரியாதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வீடு என் கணவரின் சித்தப்பா மகனுடையது. அவர் கனடாவுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வட்டுக்கோட்டையில் குடும்பக் காணியை இரண்டாகப் பிரித்தபோது கிணறு எங்கள் பாதியில் விழுந்தது. அவருடைய பாதியில் நெடுநாளாக வாழைதான் நின்றது. நாலு வருடத்துக்கு முன் வாழையை அழித்துவிட்டு மாடி வீடு கட்டினார். வருடத்தில் மூன்று கிழமை அதில் ஆட்கள் இருப்பார்கள். மிச்ச நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் காவலாகத்தான் கமரா வந்தது.

எங்கள் வீட்டில் நானும் கணவரும் மட்டும். பிள்ளைகள் இல்லை. நான் தபால் கந்தோரில் லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவள். அவர் பருத்தித்துறைக்கு பஸ் ஓட்டியவர். அந்தக் காலத்தில் அவருடைய குரலைப் படலைக்கு வெளியே இருந்தே கேட்கலாம். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது பேச்சும் அதோடு போனது. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: ஓம். பசிக்கிறதா என்று கேட்டாலும் ஓம். பசிக்கவில்லையா என்று கேட்டாலும் ஓம். அது யோசித்துச் சொல்கிற சொல் இல்லை, வாயில் தங்கிவிட்ட சத்தம் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். நான் அவருடைய வாயைக் கேட்பதை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

கமரா பூட்டி ஒரு கிழமைக்குள் கனடாவிலிருந்து அழைப்புகள் தொடங்கின. எங்களுக்குக் காலை ஏழு மணி என்றால் அங்கே இரவுச் சாப்பாடு முடிந்து அவர் சோபாவில் சாய்ந்திருக்கும் நேரம். தொலைக்காட்சி பார்ப்பதுபோல் அவர் தன்னுடைய வளவைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

“மச்சாள், மாடு ஒண்டு கேற்றுக்குள்ளாலை தலையை விடுது. ஒருக்கால் கலைச்சு விடுறியளே?”

போய்க் கலைத்தேன்.

“மச்சாள், மதிலிலை ஒரு காவோலை கிடக்கு. கமராவுக்கு முன்னாலை அது ஆட ஆட, ஆரோ நிக்கினம் எண்டு எனக்குப் போன் அடிச்சுக்கொண்டே இருக்குது.”

போய் இழுத்துப் போட்டேன்.

தண்ணீர்த் தாங்கி வழிகிறது, முற்றத்தில் யாரோ பொலித்தீன் பை எறிந்துவிட்டார்கள், வாசலில் நாய் படுத்திருக்கிறது, மழைக்கு ஏதோ ஒழுகுகிறது போல் தெரிகிறது, போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஒன்றுக்காகவும் ஒருவரோடு முகம் கோணமுடியாது. அதுதான் அதன் கொடுமை. அடுப்பில் கஞ்சி இருக்கும்போது, கணவரைக் கொமோட்டில் இருத்திவிட்டுக் கதவோரம் நிற்கும்போது, கைத்தொலைபேசி அடிக்கும். எடுக்காவிட்டால் மறுபடி அடிக்கும்.

அப்படி ஒருநாள் எடுக்காமல் விட்டேன். மறுநாள் காலை அவர் சொன்னார்: “நேற்று எடுத்தனான் மச்சாள், நீங்கள் தூக்கேல்லை. கிணத்தடியிலைதானே நிண்டனீங்கள். போன் உடுப்புக் காயப்போடுற கொடிக்குக் கிட்டக் கதிரையிலை கிடந்தது.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“தம்பி, அப்ப உங்களுக்கு எங்கடை கிணத்தடி தெரியுதோ?”

“அது அகலமாப் பாக்கிற கமரா மச்சாள். ஓரத்திலை கொஞ்சம் விழும். உங்களுக்கும் ஒரு பாதுகாப்புத்தானே. நீங்களும் தனிய இருக்கிறனீங்கள்.”

“நான் அதிலை நிண்டுதான் குளிக்கிறனான்.”

“ஐயோ, அதை ஆர் மச்சாள் பாக்கப்போறது,” என்றார். கொஞ்சம் சிரித்தார். “வாற முறை வரேக்கை திருப்பிவிடுறன்.”

வருகிற முறைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

எங்கள் வீட்டுக்குள் குளியலறை இருக்கிறது. ஆனால் அது ஒடுங்கிய அறை. கதவால் அவருடைய சக்கர நாற்காலி போகாது. போனாலும், அவரை உள்ளே இருத்திவிட்டு நான் நிற்க இடமில்லை. அதனால் அவரைக் கிணற்றடிச் சீமெந்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தித்தான் குளிக்கவார்ப்பேன். அவரை வார்க்கும்போது நானும் முழுக்க நனைந்துவிடுவேன் என்பதால் பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிய குறுக்குக்கட்டோடு நின்று இருவருமாகக் குளித்து முடிப்போம். அது அறுபது வயது தாண்டிய இரண்டு பேரின் குளிப்பு. அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று தொடக்கம் நான் சட்டை போட்டுக்கொண்டு குளித்தேன். ஈரச்சட்டை உடம்பில் ஒட்டிக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஒவ்வொரு காலையும் அதோடு மல்லுக்கட்டும்போது எனக்கு மனதுக்குள் கெட்ட வார்த்தைகள் வரும். தபால் கந்தோரில் இருந்த காலத்தில் அந்த வார்த்தைகள் எனக்குத் தெரியவே தெரியாது.

ஒரு மாதத்தில் சலித்துவிட்டது. என்னுடைய கிணற்றடியில் நான் ஏன் ஒளித்துக் குளிக்கவேண்டும் என்று பழையபடி குறுக்குக்கட்டுக்கு மாறினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கிளினிக் நாள் வந்தது. கிளினிக் நாளில் எட்டு மணிக்கு முன் ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் இலக்கம் பின்னுக்குப் போய் மத்தியானம் ஆகிவிடும். வழக்கமாக வருகிற ஓட்டோக்காரர் ஆறு மணிக்குப் போன் எடுத்து, “அம்மா, எனக்கு இண்டைக்கு வரேலாது, வேறை ஆளைப் பிடியுங்கோ,” என்றார். வேறு ஆளைத் தேடி நாலு பேருக்கு அடித்தேன். ஒருவர் ஏழரைக்கு வருகிறேன் என்றார். கணவரைக் குளிப்பாட்டலாம் என்று வெளியே கொண்டுவந்தால் மின்சாரம் இல்லை. மோட்டர் ஓடாது. வாளியைக் கட்டிக் கையால் அள்ளத் தொடங்கினேன். கோடை முடிகிற நேரம், தண்ணீர் ஆழத்துக்குப் போயிருந்தது. இடது தோள்மூட்டு எனக்கு ஒரு வருடமாக நோகிறது.

பெரிய வாளி நிறைய அள்ளி வைத்துவிட்டுச் சவர்க்காரத்தை எடுக்கத் திரும்பினேன். அவர் நல்ல காலால் வாளியைத் தட்டிவிட்டார். தண்ணீர் முழுவதும் ஓடிப்போனது. தெரியாமல் பட்டிருக்கும் என்று மறுபடி அள்ளினேன். அதையும் தட்டினார். இந்த முறை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினார். குளிர்ந்திருக்கலாம். கிளினிக்குக்குப் போக விருப்பமில்லாமல் இருந்திருக்கலாம். அவருக்குச் சொல்ல வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடித்தேன். தோளில் ஒன்று, கன்னத்தில் ஒன்று.

“என்ன செய்யச் சொல்லுறியள் என்னை? என்ன செய்யச் சொல்லுறியள்?” என்று கத்தினேன்.

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் ஈரச் சீமெந்தில் அப்படியே இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் போய் எழும்பி அவருடைய தலையை என் வயிற்றோடு பிடித்துக்கொண்டேன்.

“நொந்ததே?” என்று கேட்டேன்.

“ஓம்.”

“என்னோடை கோவமே?”

“ஓம்.”

முகத்தைப் பார்த்தேன். அன்று மட்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுபடி அள்ளி, வார்த்து, துடைத்து, உடுத்தி, ஏழரைக்கு வந்த ஓட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு எழுபத்திரண்டாம் இலக்கம் கிடைத்தது. வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பொழுதுபோகாமல் கைத்தொலைபேசியைத் திறந்தேன். எங்கள் உறவுக்காரருக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. கனடா, லண்டன், பாரிஸ், கொழும்பு என்று நாற்பது பேர் வரை இருப்பார்கள். பிறந்தநாள் கேக், கோயில் படம், காலை வணக்கப் பூ, இவைதான் அதில் வரும். அன்று அதில் ஒரு வீடியோ வந்திருந்தது.

முதலில் யாரோ ஒரு மெலிந்த கிழவி என்றுதான் நினைத்தேன். மேலிருந்து எடுத்தபடியால் தலையின் நடுவில் மயிர் கொட்டி மண்டை வெளித்திருந்தது தெரிந்தது. ஈரக் குறுக்குக்கட்டு. அவள் கதிரையில் இருந்த ஒரு மனிதனை இரண்டு தரம் அடித்தாள். வாய் பெரிதாகத் திறந்து மூடியது. சத்தம் இல்லை. அதோடு வீடியோ முடிந்தது. முக்கால் நிமிடம்கூட இல்லை. வாளி ஓடியதும் அதில் இல்லை, நான் அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் இல்லை.

கனடாக்காரர் அதற்குக் கீழே எழுதியிருந்தார்: “அண்ணையின்ரை நிலைமையைப் பாருங்கோ.” நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்பதை அவர் மறந்துவிட்டார்.

அழுகிற முகங்கள் வரிசையாக வந்திருந்தன. ஒருவர் கும்பிடுகிற கை போட்டிருந்தார். “ஐயோ, சிங்கம் மாதிரி இருந்த மனிசன்,” என்று ஒருவர். “முதியோர் இல்லத்திலை விட்டால் இதைவிட நல்லாப் பாப்பினம்,” என்று இன்னொருவர். என் கலியாணத்தில் எனக்குத் தலை இழுத்துப் பூ வைத்த ஒரு பெண், “உவ முந்தியும் அப்பிடித்தான்,” என்று எழுதியிருந்தாள். முந்தி எப்போது, எப்படி என்று எழுதவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடியோ மறைந்து, அந்தச் செய்தி நீக்கப்பட்டுவிட்டது என்று வந்தது. யாரோ அவருக்கு ஞாபகப்படுத்தியிருக்கவேண்டும். அதன்பிறகு குழுவில் இரண்டு நாள் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. மூன்றாம் நாள் மறுபடி காலை வணக்கப் பூ வந்தது.

வீடியோ வந்த அன்று பின்னேரமே லண்டனிலிருந்து கணவரின் தங்கை போன் எடுத்தாள். நான் அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். அவள் அண்ணன்மேல் உயிரானவள்.

“மச்சாள், அண்ணையை அடிச்சனீங்களோ?”

“ஓம். அடிச்சனான்.”

நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்தாள் போலும். அழத் தொடங்கினாள்.

“உங்களுக்கு ஏலாட்டி எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே. ஒரு ஆளை வைச்சிருப்பம்தானே.”

“இப்ப சொல்லுறன். எனக்கு ஏலாது. ஆளை வையுங்கோ.”

“ஓம், கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்,” என்றாள்.

ஆள் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது. அவளுக்கு அது வேலையில் மதிய இடைவேளை. அண்ணனைக் காட்டச் சொல்லுவாள். நான் அவருடைய முகத்துக்கு நேரே பிடிப்பேன். கன்னத்தையும் கழுத்தையும் அவள் உற்றுப் பார்ப்பது எனக்குத் தெரியும். காயம் தேடுகிறாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவள் கேட்டாள்: “அண்ணை, சாப்பிட்டியளோ?”

“ஓம்.”

“மச்சாள் இப்பவும் அடிக்கிறவவோ?”

“ஓம்.”

நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

“இண்டைக்குப் பருத்தித்துறைக்கு பஸ் ஓடினவரோ எண்டும் கேளுங்கோ,” என்றேன்.

“என்ன மச்சாள்?”

“கேளுங்கோவன்.”

அவள் கேட்கவில்லை. நானே கேட்டேன்: “இஞ்சேருங்கோ, இண்டைக்குப் பருத்தித்துறைக்கு பஸ் ஓடினீங்களே?”

“ஓம்,” என்றார். சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. அவளை வெல்ல அவரைப் பாவித்தேன். அடித்ததைவிட அதைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன்.

அடுத்த கிழமை எங்கள் பகுதிக் கிராம அலுவலரான விதானையார் மோட்டார் சைக்கிளில் வந்தார். தயங்கித் தயங்கித்தான் கதைத்தார்.

“அக்கா, வெளிநாட்டிலையிருந்து ஒரு ஆள் போன் எடுத்தவர். ஐயாவைக் கவனிக்கிறது காணாதாம். பேர் சொல்லேல்லை. நான் ஒருக்கால் வந்து பாக்கத்தானே வேணும்.”

“பாருங்கோ,” என்று அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலைப் பார்த்தார். மருந்துப் பெட்டியைப் பார்த்தார். முதுகில் படுக்கைப் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நானே சட்டையைத் தூக்கிக் காட்டினேன். இல்லை. மூன்று வருடம் படுக்கையில் இருக்கிறவருக்கு ஒரு புண்கூட இல்லை. விதானையார் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் மேலே காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். உடனே கையால் தலைமயிரைத் தடவிச் சரிசெய்தார். அடுத்த கணம் ஒரு பக்கமாக ஒதுங்கி மாமரத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டார். குரலையும் இறக்கிவிட்டார்.

“அது அவையின்ரை காணிக்குள்ளைதானே அக்கா பூட்டியிருக்கினம்.”

“என்ரை காணியைப் பாக்குதே.”

“நீங்கள் பொலிசிலை ஒரு முறைப்பாடு குடுக்கலாம். ஆனா சொந்தக்காரர். பிறகு நல்லது கெட்டதுக்கு முகத்திலை முழிக்கிறேல்லையோ?”

அவர் கெட்டவர் இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, எல்லாம் திருப்தி என்று எழுதிக்கொண்டு போனார்.

பொலிசுக்கு நான் போகவில்லை. சந்தியில் இரும்பு ஒட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கிணற்றடியின் ஒரு பக்கம் முழுவதும் உயரமாகத் தகரம் அடிப்பித்தேன். கடைசித் தகரம் ஏறி முடியுமுன்னே போன் அடித்தது. வீடியோ போட்டதற்குப் பிறகு கனடாக்காரர் எடுத்த முதல் அழைப்பு அதுதான்.

“மச்சாள், தகரம் அடிக்கிறியள் போலை. எங்கடை மதிலுக்கு அங்காலை ஒண்டும் தெரியேல்லை. உதுக்குப் பின்னாலை கள்ளன் ஏறினாலும் விளங்காது.”

எவ்வளவோ சொல்லவேண்டும் என்று நாள்கணக்காக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். சமைக்கும்போதும் சொல்லிப்பார்த்திருக்கிறேன்.

“கள்ளன் ஏறினால் நான் சொல்லுறன் தம்பி,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

திருவிழாவுக்கு அவர் குடும்பத்தோடு வந்தார். வந்த அன்றே சொக்கலேற்றும் வலித் தைலமும் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நரைத்து, உடம்பு வைத்து, மூட்டு நோவோடு படியேறி வந்த மனிதரைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கே ஏமாற்றமாக இருந்தது. அவர் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பி அழுதார். சின்ன வயதில் அண்ணை தன்னை பஸ்ஸில் முன்னுக்கு இருத்திக் கொண்டுபோன கதையெல்லாம் சொன்னார்.

“அண்ணை, நான் செய்தது பிழை. என்னை மன்னிச்சிட்டியளோ?”

“ஓம்,” என்றார் என் கணவர்.

வந்தவருடைய முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“மச்சாள், உங்களுக்கும் கோவம் இல்லைத்தானே?”

“இல்லை,” என்றேன். தேத்தண்ணி போட எழும்பிப் போனேன்.

கமராவைத் திருப்புவதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தகரம்தான் இருக்கிறதே. மூன்று கிழமையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது தகரத்துக்குப் பின்னால்தான் குளிக்கிறோம். காற்று வராது. வெயில் ஏறினால் தகரம் கொதித்து அனல் அடிக்கும். அவருக்கு அது பிடிக்கவில்லை. முன்பு குளிக்கும்போது அந்தப் பக்கமாகத் தூரத்தில் தெரிகிற வீதியால் போகிற ஆட்களைப் பார்த்துக் கையைத் தூக்குவார். இப்போது தகரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

போன மாதம் அவரை மறுபடி அடித்தேன். காரணம் எழுதப்போவதில்லை. எழுதினால் அது காரணம் மாதிரி ஆகிவிடும். தோளில்தான், ஒரு தரம். ஒருவரும் பார்க்கவில்லை. பின்னேரம் ஆறு மணிக்கு லண்டன் அழைப்பு வந்தபோது நானே சொன்னேன்.

“இண்டைக்கும் அடிச்சனான். உங்களுக்கு வீடியோ வராது, அதுதான் சொல்லுறன். எனக்கு உண்மையா ஏலாமல் கிடக்கு.”

திரையில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ கோப்பையோடு நடந்து போனார்கள்.

“மச்சாள், எனக்கு பிறேக் முடியுது,” என்றாள். “நாளைக்கு எடுக்கிறன்.”

மறுநாள் அவள் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், வீடியோ இல்லாமல் எடுக்கிறாள். சாப்பிட்டாரா, மருந்து எடுத்தாரா என்று கேட்கிறாள். நான் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். பிறகு போய் அவருடைய தோளுக்குத் தைலம் பூசிவிடுகிறேன். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.